உற்சவர் மேலே போனால் எங்கள் வீட்டுச் சாமானும் மேலே போகும்

மீனாட்சிபுரத்திலிருந்து:

2023 மார்கழி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. திருநெல்வேலியில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி தார்சாவில் நின்று, "குறுக்குத்துறைல சாமியத் தூக்கியாச்சாய்யா?" என்று கேட்டார்கள். குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணி ஆற்றுக்குள் இருக்கிறது. வெள்ளம் ஏறினால் அங்கே உற்சவரை மேட்டிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவது வழக்கம். ஆச்சிக்கு அதுதான் கணக்கு. சாமி மேலே போயாச்சு என்றால் வீட்டில் அரிசி மூட்டையும் மேலே போக வேண்டும். நான் அன்றைக்கு அதைக் காதில் வாங்கவில்லை. வாசலில் நாலு மணல் மூட்டையை அடுக்கிவிட்டு, போதும் என்று இருந்துவிட்டேன்.

தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. ராத்திரி கழிவறைக் கோப்பைக்குள் குடுகுடுவென்று சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் கறுப்புத் தண்ணீர் கோப்பை விளிம்பு வரை வந்து நிற்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழிந்தது. குளியலறையில் தண்ணீர் போகிற ஜாலியிலிருந்தும் கொப்பளித்தது. தெருவில் வாறுகால், அதாவது சாக்கடை, நிரம்பிவிட்டால் குழாயில் தண்ணீர் வெளியே போகாது, திரும்பி வீட்டுக்குள்தான் வரும். வாசலில் எத்தனை மூட்டை போட்டும் பிரயோஜனம் இல்லை. அரை மணி நேரத்தில் பட்டாசாலில் கணுக்கால் தண்ணீர். பீரோ அடித்தட்டில் இருந்த பத்திரம், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் ஊறிப்போயின.

இப்போது தடித்த பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பி, வாயைக் கட்டி, கோப்பைக்குள் இறக்கி அழுத்தி வைக்கிறேன். ஜாலி ஓட்டையில் துணிப்பந்தை அடைத்து மேலே அம்மிக்குழவி. வெளியே போகிற குழாயில் ஒருவழி வால்வும் மாட்டியாகிவிட்டது. அது வெளியே போகிற தண்ணீரை விடும், திரும்பி வருவதைத் தடுக்கும். மழைக்கு முன்னால் அதைத் திறந்து குப்பையை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மூடாது. உங்கள் பக்கம் என்ன நடந்தது, சொல்லுங்கள்.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து:

அண்ணாச்சி, எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு பதறும். தண்ணீர் தெருவுக்கு வந்ததுமே மெயினை அணைத்துவிட்டேன். அந்த தைரியத்தில், படிக்கட்டுக்கு அடியில் மிதந்த அரிசி டின்னை எடுக்க இறங்கப் போனேன். மச்சான் சட்டையைப் பிடித்து இழுத்து, "மேல பாருங்க மச்சான்" என்றான். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

இன்வெர்ட்டர். மெயினை அணைத்தால் அது தானாக வேலை செய்ய ஆரம்பித்துவிடும். பேட்டரி படிக்கட்டுக்கு அடியில், தரையோடு தரையாக, சக்கரம் வைத்த பெட்டியில். தண்ணீருக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை. நாங்கள் அதன் பக்கமே போகாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தட்டட்டிக்கு ஏறிவிட்டோம்.

ஆகவே தரை காய்ந்திருக்கும்போதே மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணையுங்கள். தண்ணீர் உள்ளே வந்த பிறகு சுவிட்சைத் தேடி இறங்கவே கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 9498794987 எண்ணுக்குச் சொல்லித் தெரு லைனையே நிறுத்தச் சொல்ல வேண்டும்.

வெள்ளம் வடிந்த பிறகும் ஃப்ரிட்ஜ், மோட்டார் எதையும் போடவில்லை. சுவர் காய்ந்து, எலக்ட்ரீஷியன் வயரில் கசிவு இருக்கிறதா என்று மெக்கர் கருவி வைத்துச் சோதித்த பிறகுதான் கரண்ட். அவர் சொல்லித்தான் தெரியும்: போர்டில் தானாக விழுகிற எம்.சி.பி. சுவிட்ச், வயரைச் சூடாகாமல் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கரண்டை வெட்டுகிற ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும். போட்டுவிட்டோம். அதில் ஒரு டெஸ்ட் பொத்தான் இருக்கும், அவ்வப்போது அமுக்கிப் பார்க்க வேண்டும். பிளக் பாயிண்ட் எல்லாம் இடுப்பு உயரத்துக்குப் போய்விட்டது, பேட்டரியும்தான்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

எங்களுடையது தாத்தா காலத்து ஓட்டு வீடு, மண் சுவர். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார், மழை பெய்யும்போது நிற்கிற சுவர் வெயில் அடிக்கும்போது விழும் என்று. 2023-லும் அப்படித்தான். மழை விட்டு வெயில் வந்தது. புறவாசல் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு உப்பி நின்றது. அம்மா கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "சத்தம் சரியில்ல, கட்டிலை நடுவுக்கு இழு" என்றாள். அன்றைக்கு ராத்திரி மாட்டுக்கொட்டில் பக்கத்துச் சுவர் சாய்ந்தது. வெளிப்பக்கமாகச் சாய்ந்ததால் பிழைத்தோம். இப்போது ஐப்பசி பிறக்குமுன் உடைந்த ஓடுகளை மாற்றி, சுவரடியில் மண்ணை வெளிப்பக்கம் சரிவாக அணைத்துவிடுகிறோம்.

அப்புறம், தண்ணீர் வடிந்ததும் செருப்பு, விறகு, மடித்த பாய் எதிலும் சட்டென்று கையை விடாதீர்கள். எங்கள் விறகுக் குவியலில் விரியன் இருந்தது. கம்பால் தட்டியதால் தெரிந்தது.

மறுபடி மீனாட்சிபுரத்திலிருந்து:

இன்வெர்ட்டரை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. எங்கள் வீட்டிலும் பேட்டரி தரையில்தான் இருக்கிறது. சுவரில் ஸ்டாண்ட் அடிக்க இன்றைக்கே ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன்.

ஆச்சி வீட்டுக்கும் மணல் பை ஒன்று கட்டிக் கொடுத்தேன். அதைக் கோப்பைக்குள் வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு, "தூக்க முடியல, ரெண்டு சின்னப் பையா கட்டிக் குடு" என்றார்கள். சரி, இரண்டாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.