மறு: ‘விவசாயி’ போதாத இடத்தில் ‘பயிர்க்குடி’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்து ‘பெசன்ட்’ (peasant) என்ற சொல்லுக்குத் தமிழில் எதை வைப்பது என்ற இந்த இழை நீண்டுவிட்டது. பழைய மடல்களில் பதில் தேவைப்படும் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டேன்.

> ‘பெசன்ட்’ என்பதற்கு ‘விவசாயி’ என்றே எழுதினால் என்ன? எல்லோருக்கும் புரிகிற சொல்தானே.

புரியும். சிக்கலும் அங்கேதான். ஆயிரம் ஏக்கரில் இயந்திரம் ஓட்டிச் சோளம் போடும் அமெரிக்கரும் விவசாயி, இங்கே இலங்கை மலையகத்தில் வெலிமடையில் அரை ஏக்கர் வயல் வைத்திருப்பவரும் விவசாயி. செய்தி எழுத அது போதும். வரலாறும் மானிடவியலும் எழுதும்போது போதாது. மானிடவியலாளர் எரிக் வுல்ஃப் 1966இல் இந்த இருவரையும் பிரித்துக் காட்டினார்: முதலாமவர் நடத்துவது ஒரு வியாபாரம், இரண்டாமவர் நடத்துவது ஒரு குடும்பம். கூடவே இன்னொன்றும் சொன்னார். இந்த இரண்டாமவர் விளைவிப்பதில் ஒரு பங்கு ஆள்பவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். நகரமும் படையும் கோயிலும் அரண்மனையும் அதில்தான் சாப்பிட்டன. அந்தப் பங்கு போகாத இடத்தில் இருப்பவர், காட்டை வெட்டித் தன் பாட்டுக்குப் பயிர் செய்து வாழ்பவர், வேறு வகை.

ஆகவே நமக்கு வேண்டிய சொல்லில் குடும்பமும் தெரியவேண்டும், மேலே போகும் பங்கும் தெரியவேண்டும்.

‘பிழைப்புக்கு மட்டும் விளைவிப்பவர்’ என்று ஒரு மடலில் வந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. வெலிமடைப் பக்கம் பெரும்போகத்தில் நெல் விதைப்பார்கள், சிறுபோகத்தில் அதே வயலில் உருளைக்கிழங்கு போடுவார்கள். நெல் வீட்டு மூட்டைக்குள் போகும், கிழங்கு லொறியில் போகும். கிழங்கு விலை விழுந்த வருடம் கணக்குப் பார்த்தால் விதைக்கும் மருந்துக்கும் போட்ட காசுதான் திரும்பியிருக்கும். கம்பெனியாக இருந்தால் அடுத்த போகம் நிலத்தைச் சும்மா போட்டிருக்கும். இவர்கள் மறுபடியும் மண்வெட்டியைத் தூக்குவார்கள். ஏனென்றால் கணவன், மனைவி, பிள்ளைகளின் உழைப்புக்கு அந்தக் கணக்கில் கூலியே எழுதப்படுவதில்லை. ரஷ்யாவில் பொருளியலாளர் சயானோவ் 1925இல் எழுதியது இதைத்தான்: குடும்பம் லாபத்தைப் பார்த்து உழைப்பதில்லை. எத்தனை வாய்க்குச் சோறு வேண்டும், உடம்பு எவ்வளவு தாங்கும் என்ற இரண்டையும் நிறுத்துப் பார்த்து உழைக்கிறது. அவரை 1930இல் பிடித்தார்கள், 1937இல் சுட்டுக் கொன்றார்கள். குடும்ப நிலங்களைக் கூட்டுப்பண்ணைகளாக இணைத்துக்கொண்டிருந்த சோவியத் அரசுக்கு இந்தக் கணக்குப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை.

சரி, சொற்களுக்கு வருவோம்.

> தமிழில் ‘குடியானவர்’ இருக்கும்போது புதிதாக எதற்கு?

சென்னை நண்பருக்கு அது இயல்பான சொல், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டுக் கிராமத்தில் குடியானத் தெரு ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் இங்கே வந்தவர்களில் ஏராளமானோர் அந்தச் சேரிகளிலிருந்து வந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் நிலத்தில் பாடுபடுகிற எல்லோருக்கும் பொதுப்பெயராக இந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘வேளாளர்’ வேண்டாம் என்பதற்கும் இதே காரணம், இன்னும் பலமாக. ‘கமக்காரர்’ (கமம், அதாவது வேளாண்மை செய்பவர்) இலங்கையின் வடக்கில் உயிரோடு இருக்கிற நல்ல சொல். அரசின் கமநல சேவை நிலையத்துப் பெயர்ப்பலகை வழியாக மலையகத்துக்கும் வந்துவிட்டது. ஆனால் ஐம்பது ஏக்கர் வைத்து ஆள் பிடித்து விதைப்பவரும் கமக்காரர்தான்.

‘உழுதுண்போர்’ என்ற மட்டக்களப்பு நண்பரின் யோசனையில்தான் கொஞ்ச நேரம் நின்றேன். பழைய உரைகாரர்கள் உழுதுண்போர், உழுவித்துண்போர் என்று பிரித்தது எவ்வளவு கூர்மையானது! இருந்தாலும் இந்தச் சரிவுகளில் உழவு என்பதே அரிது. கரட், லீக்ஸ், போஞ்சிப் பாத்திகளை மண்வெட்டிதான் கொத்துகிறது. காட்டை வெட்டி எரித்துச் செய்கிற சேனைப் பயிருக்கும் ஏர் கிடையாது. இரண்டாவது குறை, உழுதவர் முழுவதையும் தானே உண்டதுபோல் அந்தச் சொல் ஒலிக்கிறது. உண்டது மிச்சத்தை.

அதனால் ‘பயிர்க்குடி’ என்று வைக்கலாம் என்கிறேன். ‘பயிர்’ ஏரையும் மண்வெட்டியையும் வயலையும் சேனையையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். ‘குடி’யில் குடும்பம் இருக்கிறது. அரசனுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிற குடிகளும் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மேல்வாரம் (மேலே போகும் பங்கு), குடிவாரம் (பயிரிட்டவர் பங்கு) என்று விளைச்சலைப் பங்கு பிரித்த பழைய வழக்கு இருக்கிறது. வுல்ஃப் பத்தி பத்தியாக விளக்கியதை நம் வரிக்கணக்குகள் இரண்டே சொல்லில் எழுதி வைத்திருந்தன. குடியென்றால் மதுவும் ஆகுமே என்று ஒரு நண்பர் கேலி செய்திருந்தார். ‘குடியரசு’ தள்ளாடாமல் நிற்கும்போது பயிர்க்குடியும் நிற்கும்.

கண்டி நாட்டு வரலாற்றில் வைத்துப் பார்க்கிறேன். பயிர்க்குடிகள் நிலத்துக்கு ஈடாக இராசகாரியம் (அரசனுக்கான கட்டாய சேவை) செய்தார்கள், நடவுக்கும் அறுவடைக்கும் அத்தம் முறையில் ஒருவர் வயலில் மற்றவர் இறங்கினார்கள். 1815இல் பிரித்தானியர் கைக்கு நாடு போனது. 1830களின் தொடக்கத்தில் இராசகாரியம் ஒழிந்தது. 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், உரிமையை நிரூபிக்க முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியது என்று ஆக்கியது. வயல் பயிர்க்குடியிடமே இருந்தது. ஆனால் மாடு மேய்த்த, விறகு எடுத்த, குரக்கன் (கேழ்வரகு) விதைத்த மேட்டு நிலம் கோப்பித் தோட்டமாகிவிட்டது. அப்புறம் தானிய வரி. 1880களில் வலப்பனையில் வரி கட்ட முடியாதவர்களின் வயல்கள் ஏலத்தில் போயின, பட்டினியில் ஆட்கள் செத்தார்கள். அந்த வரி 1892இல்தான் நீங்கியது. இந்தப் பத்தியில் ‘பயிர்க்குடி’ வருகிற இடத்தில் ‘விவசாயி’யைப் போட்டுப் படித்துப் பாருங்கள். இராசகாரியத்துக்கும் ஏலத்துக்கும் என்ன தொடர்பு என்றே தெரியாது.

> அப்படியானால் தோட்டத் தொழிலாளரும் பயிர்க்குடியா?

இல்லை. கம்பெனியின் நிலத்தில், கம்பெனியின் செடியில், நிறுத்துக் கொடுத்த தேயிலைக் கொழுந்துக்குப் பேர் போட்டு (நாள் வேலையாகப் பதிந்து) கூலி வாங்குபவர் தொழிலாளி. அந்தச் சொல்லை அவர்கள் போராடிச் சம்பாதித்தார்கள், அதை மழுங்கடிக்கக் கூடாது.

ஆனால் மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பின்பக்கம் வந்து பாருங்கள். இடுப்பில் கட்டிய படங்குச்சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஒரு அம்மா பீலியில் வடிகிற தண்ணீரை வாளியில் பிடித்து லீக்ஸ் பாத்திக்கு ஊற்றுவார். வேலியோரம் சௌசௌக் கொடி, மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் எருக்குவியல், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிற ஒரு கட்டுக் கீரை. நிலம் அவருடையதல்ல. துரை (தோட்ட மேலாளர்) கேட்டால் விடவேண்டும். மானிடவியலாளர் சிட்னி மின்ட்ஸ் கரீபியன் கரும்புத் தோட்டங்களின் வரலாற்றில் கண்டதும் இதைத்தான். அடிமைகள் தோட்டத்தின் ஒதுக்குப்புற நிலத்தில் தமக்கு உணவு விளைவித்து, மிச்சத்தைச் சந்தையில் விற்றார்கள். 1838இல் முழு விடுதலை வந்ததும் ஜமேக்காவில் பலர் மலைப்பக்கம் போய்ச் சொந்தத் துண்டு நிலங்களில் குடியேறினார்கள். அடிமையாக இருந்தபோதே தயாராகிக்கொண்டிருந்த அந்த நிலைக்கு மின்ட்ஸ் ‘புரோட்டோ-பெசன்ட்ரி’ (proto-peasantry) என்று தனிப்பெயர் கொடுத்தார். நாம் ‘முன்னிலைப் பயிர்க்குடி’ என்று வைத்தால் இலக்கண ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். ‘கருநிலைப் பயிர்க்குடி’ என்கிறேன். லயத்து அம்மாவுக்கும் இது பொருந்தும், ஒரு வேறுபாட்டோடு: ஜமேக்காவில் நடந்த இரண்டாவது கட்டம் இங்கே இன்னும் நடக்கவில்லை. வீட்டுக்கென்று கொடுக்கப்பட்ட ஏழு பேர்ச் (ஏக்கரில் 160இல் ஒரு பங்கு ஒரு பேர்ச்) துண்டில் வீடு கட்டினால் பாத்திக்கு எங்கே இடம்?

2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உரிமைப் பிரகடனம் பயிர்க்குடிக்கும் தொழிலாளிக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனமாகவே கையாள்கிறது. தலைப்பிலேயே இரண்டு தரப்பு: பயிர்க்குடிகள், கிராமப்புறங்களில் வேலை செய்யும் ஏனையோர். பெருந்தோட்டங்களின் கூலித் தொழிலாளருக்கும் அது பொருந்தும் என்று முதல் உறுப்புரையே சொல்லிவிடுகிறது. தமிழில் ‘கிராமப்புறம்’ என்பதற்குப் பதிலாக ‘நாட்டுப்புறம்’ என்று போடவேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். தோட்டத்தில் ‘நாடு’ என்றால் பக்கத்துச் சிங்களக் கிராமம்.

இனி மிஞ்சுவது ஒன்று. பயிர்க்குடிகள் நிலத்தை விட்டுக் கூலிக்கோ நகரத்துக்கோ போய், வகுப்பாகவே கரைந்துபோவதை எப்படிச் சொல்வது? ‘பயிர்க்குடி நீக்கம்’ என்றால் யாரோ துரத்தியதுபோல் இருக்கிறது. சில சமயம் உண்மையும் அதுதான், ஆனால் எப்போதும் அல்ல. ‘பயிர்க்குடிக் கரைவு’ என்று இப்போதைக்குக் குறித்திருக்கிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் இதே இழையில் எழுதுங்கள். புதிய இழை தொடங்கினால் தேடி எடுப்பது கஷ்டமாக இருக்கிறது.