ஒரே "அவசரம்", ஊருக்கு ஊர் வேற அர்த்தம்: உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

விஜயவாடால இருந்தப்ப அப்பாவுக்கு பித்தப்பைல கல்லு. ஸ்கேன் பாத்துட்டு வந்த நர்ஸம்மா "ஆபரேஷன் அவசரம்"னாங்க. எனக்கு அப்ப தெலுங்கு அரைகுறை, அந்த ஒரு வார்த்தைல கை காலெல்லாம் நடுங்கிடுச்சு, சென்னைல இருந்த அண்ணனுக்கு போன் போட்டு அழுதுட்டேன், அவனும் ராத்திரியே ட்ரெயின் ஏறிட்டான். காலைல டாக்டர் வந்து அடுத்த மாசம் வச்சுக்கலாம்ங்கறாரு! பக்கத்து பெட்ல ஒரு சித்தூர் அம்மா, தமிழ் நல்லா தெரியும், அவங்கதான் என் கையப் புடிச்சு சொன்னாங்க, "தெலுங்குல அவசரம்னா தேவைம்மா, நம்ம அவசரத்துக்கு தொந்தரன்னு சொல்லணும், உசுரு போற அவசரம்னா அத்யவசரம்"னு. நர்ஸம்மா மேல தப்பே இல்ல, அவங்க சரியாத்தான் சொல்லிருக்காங்க.

இதே வார்த்தை எனக்கு கொச்சில. வேலை தேடி அலைஞ்ச நேரம், மலையாள எழுத்து கூட்டிப் படிக்கற அளவுக்குதான் தெரியும், பேப்பர்ல "தொழிலவசரங்ஙள்"னு இருந்துச்சு, உடனே ஆள் வேணும் போலன்னு நெனச்சேன். ரூம்மேட் சொன்னான், அவசரம்னா வாய்ப்புடா. இந்தில அவ்சர்னாலும் அதான். சமஸ்கிருதத்துல ஏத்த சமயம், தருணம்னு அர்த்தம், அதுலேர்ந்து வந்ததுதான் எல்லாமே. சமயம் கைவிட்டுப் போயிடுமேங்கற பதட்டத்த மட்டும் தமிழ் எடுத்துக்கிச்சுன்னு எனக்குத் தோணும்.

பெங்களூர்ல நம்ம அர்த்தம்தாங்க, ரோட்டோரமா "அவசரவே அபகாதக்கெ காரண"ன்னு எழுதிருப்பாங்க, அவசரந்தான் விபத்துக்குக் காரணம்னு. ஆனா மேல அக்கா சொன்ன அந்த தொந்தர இங்க "தொந்தரெ", தொல்லைன்னு அர்த்தம், நம்ம தொந்தரவு மாதிரியே. எங்க டீம்ல ஐதராபாத்காரர் ஒருத்தர் "தொந்தரகா"ன்னா சீக்கிரம்னு அர்த்தம், கன்னடக்காரங்க முகம் மாறிடும், நடுவுல நான்தான் ரெண்டு பக்கமும் வெளக்கணும்.

நாங்க பினாங்கு. எனக்கு வேற வார்த்தை. அம்மாச்சி ஊர்லேர்ந்து மொத தடவ வந்தப்ப ஒரு போர்ட "கோலம் ரெனாங்"னு வாசிச்சுக் காட்டினேன், எங்க கோலம்னு தரையப் பாத்தாங்க. மலாய்ல அது நீச்சல் குளம். வாசல்ல போடற கோலத்துக்கும் அதுக்கும் ஒட்டே இல்ல, நம்ம குளம்தான் அங்க போய் அப்படி ஆயிருக்கு. கடை "கெடாய்", கப்பல் "காப்பல்"னு சொல்லச் சொல்ல அம்மாச்சிக்கு அவ்ளோ சந்தோஷம், வீடு வர்ற வரைக்கும் ஒவ்வொரு போர்டா காட்டி "இதுவும் நம்மளுதாப்பா?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க.