'கனெக்ஷன் எர்ரர்': தமிழில் ஒரே சொல்லா, பல சொல்லா?

குழுவினருக்கு வணக்கம்.

டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகிப் படம் பார்க்கும் ஸ்டிக் வகைச் சாதனங்களுக்கான கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கி வருகிறோம். பட்டியல்களும் பொத்தான்களும் முடிந்தன. பிழைச் செய்திகளில் வந்து நிற்கிறோம். 'கனெக்ஷன் எர்ரர்' என்று வரும் இடங்களிலெல்லாம் 'இணைப்புப் பிழை' என்று போடலாமா? மின்னஞ்சலோடு வரும் கோப்பும் இணைப்பு, வலைப்பக்கத்தில் சொடுக்குவதும் இணைப்பு, கேஸ் அடுப்புக்கு வாங்குவதும் இணைப்பு. அதனால்தான் தயங்குகிறேன். பொருத்தமான வேறு சொல் இருந்தால் தாருங்கள்.

---

> 'இணைப்புப் பிழை' என்று போடலாமா?

தம்பி, வேண்டாம். 'பிழை' என்றதும் படிக்கிறவர் தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணுவார். 'பிழை பொறுத்தருள்க' என்று நாவில் பழகிய சொல் அது. தெருவில் கம்பி அறுந்ததற்கு வீட்டில் இருப்பவர் ஏன் பிழை சுமக்க வேண்டும்? 'தொடர்பறல்' என்று வையுங்கள். தொடர்பு அறுவது என்று பொருள்; 'மின்வெட்டு' போல ஒரே சொல்லாக நிற்கும், திரையிலும் இடம் அடைக்காது.

---

> 'தொடர்பறல்' என்று வையுங்கள்.

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. சங்கப் பாட்டில் கூந்தலுக்கு உவமையாக வரும் அறல் (நீர் வரிவரியாக ஒதுக்கிய கருமணல்) எனக்கு நினைவுக்கு வந்து தொலைக்கிறது. அது என் சொந்தத் தொல்லை, விடுங்கள். என் மறுப்பு வேறு. ஒரே சொல்லைத் தேடுவதே இங்கே சரிப்படாது.

வீடுகளுக்குப் போய் வைஃபையும் டிவியும் சரிசெய்து தருவது என் வேலை. போனில் கூப்பிடுகிறவர்கள் யாரும் 'கனெக்ஷன் எர்ரர்' என்பதில்லை. "சிக்னலே புடிக்கல" என்பார்கள். "வைஃபை காட்டுது, நெட்டு வரல" என்பார்கள். "யூடியூப் ஓடுது, இது மட்டும் தொறக்க மாட்டேங்குது" என்பார்கள். மூன்றும் மூன்று கோளாறு. மக்கள் பிரித்துப் பேசுவதை நாம் கலைச்சொல் என்ற பெயரில் ஒன்றாகக் குழைக்கலாமா?

முதலாவது, ஸ்டிக்குக்கும் திசைவிக்கும் (ரவுட்டர்) நடுவில் நடப்பது. ஸ்டிக் டிவிக்குப் பின்னால் சுவரை ஒட்டி ஒளிந்திருக்கும். டிவியின் உடம்பே அலையை மறைக்கும். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் தரும், ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும், 2.4 மெதுவாகவாவது வந்து சேரும். சில ஸ்டிக்குகளோடு ஒரு சின்ன எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கம்பி தருவார்கள். அதைப் போட்டு ஸ்டிக்கைக் கொஞ்சம் வெளியே தள்ளினாலே பாதி வீடுகளில் வேலை முடிந்துவிடும், அது என்னவோ பெட்டியை விட்டு வெளியே வருவதே இல்லை. இன்னும் சிலர் ஸ்டிக்குக்கான மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுப்பார்கள். பல டிவிகளில் அது அரை ஆம்பியர்தான் தரும்; போதாமல் ஸ்டிக் அணைந்து அணைந்து எழும்.

இரண்டாவது, திசைவிக்கு அப்பால். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு (கம்பியில் ஒளி வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக எரிகிறபோது ஸ்டிக்கை எத்தனை முறை அணைத்துப் போட்டும் பயனில்லை. ரோக்கு என்ற நிறுவனத்தின் சாதனங்கள் இந்த இரண்டையும் பிழை எண்ணிலேயே பிரித்துவிடுகின்றன: 014 என்று தொடங்கினால் வைஃபை, 009 என்றால் திசைவி வரை வந்தாயிற்று, இணையம் இல்லை.

மூன்றாவதில்தான் சொல் தப்பினால் ஆபத்து. 2025 மார்ச் 9 அன்று கூகுளின் இதேபோன்ற சாதனமான இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும், பாட்டுக்கான குரோம்காஸ்ட் ஆடியோவும் ஊர் ஊராகப் படுத்தன. வைஃபையும் இருந்தது, நெட்டும் இருந்தது. 2015இல் வந்த அந்தச் சாதனங்கள் தாம் அசல் என்று காட்டும் சான்றிதழ்ச் சங்கிலியில் (ஒன்றுக்கு ஒன்று உறுதி சொல்லும் சான்றிதழ்கள்) நடுவில் இருந்த ஒன்றுக்குப் பத்தாண்டு ஆயுள். அன்று அது காலாவதியானது. போனிலிருந்து படத்தை அனுப்பினால், இந்தச் சாதனத்தை நம்ப முடியாது என்று செய்தி வந்தது. நம்மாள் என்ன செய்வார்? ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடிப்பார். அதைச் செய்யாதீர்கள் என்று கூகுள் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. சில நாளில் திருத்தம் வந்தது. சும்மா விட்டவர்களுக்குத் தானாகச் சரியாயிற்று. ரீசெட் செய்தவர்கள் சாதனத்தைத் திரும்ப நிறுவ அல்லாடினார்கள். அந்தச் செய்தி 'தொடர்பறல்' என்று வந்திருந்தால் திசைவியையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள்.

ஆகவே திரையில் வினையாகவே சொல்லிவிடுவோம்: 'வைஃபை பிடிபடவில்லை', 'இணையம் எட்டவில்லை', 'சான்று ஏற்கப்படவில்லை'. கலைச்சொல் தொகுப்புக்குப் பெயர்ச்சொல் வேண்டுமென்றால் பிடிபடாமை, எட்டாமை, ஏற்காமை.

---

> 'பிழை' என்றதும் படிக்கிறவர் தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக

எங்கட பக்கம் அந்தப் பிரச்சினை இல்லை ஐயா. யாழ்ப்பாணத்தில் 'அது பிழை' என்றால் சரியில்லை, அவ்வளவுதான். பிள்ளைகளின் கணக்கையும் சரி பிழை பார்க்கிறம்.

மூன்றாகப் பிரிக்கிறதை ஏற்கிறன், ஆனால் இரண்டு இடத்தில் இடிக்குது. வைஃபை பிடித்திருக்கும், வலையில் சாதனத்தை அடையாளம் காட்டும் ஐபி முகவரியைத் திசைவி தந்திருக்காது, சாதனம் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே போட்டுக்கொண்டு நிற்கும். இது பிடிபடாமையா, எட்டாமையா? மற்றது, சான்று ஏற்கப்படாததற்குச் சான்றுதான் காரணம் என்றில்லை. கடிகார பாட்டரி இல்லாத ஸ்டிக்குகள், கரண்ட் போய் வந்தால், நேரத்தை இணையத்தில் கேட்டுத்தான் வாங்கும். அது கிடைக்காவிட்டால் பழைய தேதியை வைத்துக்கொண்டு, நல்ல சான்றிதழையும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று தள்ளிவிடும்.

இன்னொன்று: இரண்டு கருவிகள் பேசத் தொடங்குமுன் செய்துகொள்ளும் 'ஹேண்ட்ஷேக்' தோற்றது என்று வருகிற செய்திக்கு என்ன செய்யப் போறியள்? 'கைகுலுக்கல்' எனக்குப் பிடிக்கேல்லை.

---

> 'கைகுலுக்கல்' எனக்குப் பிடிக்கேல்லை.

எனக்கும்தான். 'முகமன்' இருக்கிறதே! எதிர்ப்படும் இருவர் முதலில் பரிமாறிக்கொள்வது. 'முகமன் முறிந்தது' என்று எழுதிப் பாருங்கள். 'தொடர்பறல்' மேல் எனக்குப் பிடிவாதம் இல்லை; ஓடிக்கொண்டிருந்த படம் பாதியில் நிற்கும்போது மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

---

> 'முகமன் முறிந்தது' என்று எழுதிப் பாருங்கள்.

காதுக்கு இனிமை. ஆனால் ஹேண்ட்ஷேக்கில் வெறும் நலம் விசாரிப்பு நடப்பதில்லை ஐயா. எந்தப் பதிப்பில் பேசுவது, எந்த மறையீட்டு முறை (என்கிரிப்ஷன்), நீ யார் என்பதற்குச் சான்று எங்கே என்று பேரமே நடக்கிறது. முகமனில் அந்தப் பேரம் இல்லையே. படம் பார்க்கிறவருக்கு இந்தச் செய்தியே வேண்டாம். அது பதிவுக் கோப்போடு (லாக்) நிற்கட்டும். யாழ்ப்பாண நண்பர் சொன்ன இரண்டும் சரி: 'திசைவி முகவரி தரவில்லை', 'சாதனத்தில் தேதி சரியில்லை' என்று தனித்தனியாக வேண்டும்.

---

எல்லோருக்கும் நன்றி. ஐந்து செய்திகளையும் இன்று ஏற்றிவிடுகிறேன். நடுவில் நிற்கும் படத்துக்குத் 'தொடர்பறல்'. 'முகமன்' இப்போதைக்குப் பதிவுக் கோப்பில் மட்டும், சோதனைக்காக. 'வைஃபை' என்பதை அப்படியே விட்டிருக்கிறேன்; 'அருகலை' வேண்டும் என்பவர்கள் சரங்கள் (திரையில் வரும் சொற்றொடர்கள்) பூட்டப்படும் முன் சொல்லிவிடுங்கள். 'பஃபரிங்' பற்றிக் கேட்டவருக்கு: அது தனி இழையில்.