ஆர்.வி. ஆனிங்: கரும்புள்ளி போச்சு, ரோஸ் கறை போகல

ஆர்.வி. (உள்ளேயே தங்குற வசதியுள்ள வண்டி) பக்கவாட்டில் நிழலுக்கு விரிக்கிற, ரோலரில் சுருட்டுற ஷீட்டுதான் ஆனிங். இது வினைல் (பிளாஸ்டிக்) ஆனிங், 4 மீட்டர், 6 வருஷப் பழசு. மழையில் நனைஞ்சதை அப்படியே சுருட்டி 3 வாரம் விட்டாச்சு. விரிச்சா உள்பக்கம் மிளகு தூவின மாதிரி கரும்புள்ளி, ரோலர் ஓரம் உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ் திட்டு.

பாத்திரம் கழுவுற லிக்விட், வெதுவெதுப்பான தண்ணி, மெத்து பிரஷ்: அழுக்கு மட்டும் போச்சு. வெள்ளை வினிகரும் தண்ணியும் சமபங்கு தெளிச்சு, 30 நிமிஷம் சுருட்டி வெச்சு அலசினதில் கரும்புள்ளி முக்கால்வாசி காலி. ரோஸ் அசையவே இல்லை. அது மேலே ஒட்டின அழுக்கில்லையே. நுண்ணுயிர் விடுற சாயம் வினைலுக்குள்ளேயே இறங்கிடுது. தேய்ச்சா ஷீட்டுதான் தேயும். குளோரின் பிளீச் தையல் நூலை இத்துப்போக வைக்கும்னு இன்னும் தொடலை.

வினைல் விறைச்சுப் போகாம இந்த ரோஸ் சாயத்தை எடுத்தவங்க எதை, எந்த அளவில், எவ்வளவு நேரம் போட்டீங்க?