மறுமொழி: ‘பிறேக் பைண்டிங்’ என்பதற்கு ‘விடாப்பிடி’

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். மிதியை விட்ட பின்னும் பிறேக் சக்கரத்தைப் பற்றியே நிற்கும் கோளாறுதான் ‘பிறேக் பைண்டிங்’. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஓடி முடித்து நிறுத்தியதும் சக்கரப் பக்கம் எரிந்த மணம் வருகிற கோளாறுகளை எல்லாம் ‘தடுப்பு எரிவு’ என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிடலாம்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. கராஜில் வேலை பழகும் பிள்ளைகளுக்காகத்தான் இந்த வாகனச் சொற்கோவையைத் தொகுக்கிறோம். மணம் ஒன்று, நோய் இரண்டு. கண்டியிலிருந்து மட்டக்களப்புக்கு வருகிறவர் மகியங்கனைக்கு முன் 18 வளைவு மலை இறக்கத்தில் பிறேக்கை மிதித்தபடியே இறங்கினால், முன்சக்கரம் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் கொதித்து மணக்கும். பிறேக்கில் பழுது இராது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டு, சிறிய கியரில் இறங்கினால் போதும். கல்முனையிலிருந்து களுவாஞ்சிகுடி வழியாக மட்டக்களப்புக்கு வரும் பாதையிலோ ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அங்கே ஒரு சக்கரம் மட்டும் மணந்தால், மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் அந்தப் பிறேக் விடவில்லை என்று பொருள். அதை ஆறவைத்துப் பயனில்லை, கழற்றித்தான் ஆக வேண்டும்.

கொதித்த பிறேக்கின் பிடி தளரும் அந்த முதலாவதற்குத் ‘தடுப்புச் சோர்வு’ என்று முன்பே ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல். சோர்ந்தது ஆறினால் மீளும். இரண்டாவதற்கு ‘விடாப்பிடி’ என்பதை முன்வைக்கிறேன்.

> ‘தடுப்பு இழுவை’ ஏன் கூடாது?

பிறேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாகத் திரும்புவதைத்தான் எங்கள் சாரதிகள் ‘இழுக்கிறது’ என்கிறார்கள். அது வேறு கோளாறு. ‘பிணைப்பு’ என்றாலோ, பாடசாலையில் இரசாயனம் படித்த பிள்ளைக்கு அணுக்கள்தான் நினைவுக்கு வரும். மெக்கானிக்குகள் வாயில் இருப்பது ‘பிடித்துக்கொண்டு நிற்கிறது, விடவில்லை’ என்பதுதான். சொல்லின் இரண்டு பாதிகளும் அங்கேயே கிடக்கின்றன.

வேலை நடக்கும் இடத்தில் இந்தச் சொல் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். ஓடி வந்ததும் றிம்மைத் தொடாமல் புறங்கையை அருகே கொண்டுபோனால் எந்தச் சக்கரம் என்று தெரிந்துவிடும். ஆறிய பின் ஜாக்கில் தூக்கி, தாங்கி வைத்து, கையால் சுற்ற வேண்டும். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில், அதை அழுத்தி நிறுத்தும் பட்டை மெல்ல உரசுவது வழக்கமானது. சக்கரம் சுற்ற மறுத்தால்தான் விடாப்பிடி. அடுத்து, பட்டைகளை டிஸ்க்கோடு அழுத்தும் கவ்வியான கலிப்பரில் காற்றெடுக்கும் திருகை இலேசாகத் திறக்க வேண்டும். திரவம் பீறி, சக்கரமும் விட்டுவிட்டால், அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் றப்பர்க் குழாயின் உட்சுவர் ஊதி, திரவத்தைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் அடைத்திருக்கும். சிலவேளை, மிதிக்கும்போது திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் குறை இருக்கும். திறந்தும் விடாவிட்டால் கலிப்பரிலேயே இறுக்கம். ஆகவே முதலாவதைத் ‘திரவ விடாப்பிடி’ என்றும் இரண்டாவதைப் ‘பொறி விடாப்பிடி’ என்றும் பிரிக்கலாம். கேபிள் துருப்பிடித்து ஹாண்ட் பிறேக் இறங்காமல் நிற்பது ‘கைத்தடுப்பு விடாப்பிடி’. ‘தடுப்பு எரிவு’ இப்படிக் கிளை விடுமா?

வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊர்களில் இந்தப் பொறி விடாப்பிடிக்குக் குறைவில்லை. உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது. கலிப்பர் வழுக்கி நகரும் ஊசியின் தூசிமூடி கிழிந்துவிட்டால் உள்ளே நீர் போய்த் துரு ஏறும். விரலால் தள்ளினால் நகர வேண்டிய ஊசி சுத்தியலால் தட்டித்தான் வெளியே வரும். கழற்றிப் பார்த்தால் வெளிப்பட்டை பாதிக்கு மேல் இருக்கும், உட்பட்டை தகடு வரை தேய்ந்திருக்கும். ஊசியைத் துடைத்து, வெப்பம் தாங்கும் சிலிக்கன் கிறீஸ் பூசி, புது மூடி போட வேண்டும். சாதாரண கிறீஸ் றப்பரை ஊதவைக்கும். பட்டையை மட்டும் மாற்றி அனுப்பினால் வண்டி அதே மணத்தோடு திரும்பி வரும்.

இரண்டு சொல் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதிய டொட் 4 பிறேக் திரவம் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் உறிஞ்சிய திரவத்துக்கு அந்த வரம்பு 155. விடாத பிறேக் அந்தச் சூட்டைக் கொடுத்தால் திரவம் கொதித்து, மிதி தரை வரை போகும். அதாவது விடாப்பிடி முற்றினால் தடுப்புச் சோர்வில் முடியும். பழகுநருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய இந்த வாக்கியத்தை ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எழுத முடியாது.

> இது மனிதக் குணத்துக்கான சொல் அல்லவா? தமிழகத்தில் ஆக்கி வரட்டுமே.

‘சோர்வு’ம் மனிதருக்கான சொல்தான், அதை யாரும் மறுக்கவில்லையே. தமிழகம் ஆக்கட்டும், நாமும் ஆக்குவோம். 1892 இல் காரைதீவில் பிறந்து, விஞ்ஞானம் கற்பித்த விபுலானந்த அடிகள்தான் 1936 இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அம்பாறைக் கரையிலிருந்து போனவரை அன்று அங்கே தலைமையில் இருத்தினார்கள்.

ஒயில் சொட்டி எக்சோஸ்டில் கருகுவது, கிளச் வழுக்குவது, வயர் உறை உருகுவது ஆகிய மூன்றும் எரிந்த மணம் தந்தாலும் சக்கரத்தோடு சேராதவை. தனித்தனிப் பதிவாகட்டும்.

பதிவை இப்படி முன்மொழிகிறேன்: ‘விடாப்பிடி: மிதியை அல்லது கைநெம்பை விட்ட பின்னும் பிறேக் சக்கரத்தைப் பற்றியே நிற்கும் கோளாறு. அறிகுறிகள்: ஒரு சக்கரத்தில் மட்டும் மிகை வெப்பம், எரிந்த மணம், ஓட்டத்தில் கனதி.’

கலிப்பரின் அந்த ஊசிக்கு ‘வழுக்கூசி’, ‘நகர்முளை’ இரண்டும் வந்திருக்கின்றன. எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது. கராஜில் நிற்கும் நண்பர்கள் அங்குள்ள பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.