சேலம் வெயிலுக்கும் மூன்றாம் மாடி பிளாட்டுக்கும் எந்தப் பூனை ஒத்துவரும்?

மேற்கு ஜன்னல்:
வணக்கம். அழகாபுரத்தில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் இருக்கிறோம். இரண்டு படுக்கையறை, மேற்குப் பார்த்த பால்கனி. நானும் கணவரும் காலையில் வேலைக்குக் கிளம்பினால் திரும்பி வர இருட்டிவிடும். பகலில் மாமியார் வீட்டில் இருப்பார். ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் பூனை வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்கிறாள், எனக்கும் ஆசைதான். வெளியே விடாமல் வீட்டுக்குள்ளேயே வளர்ப்பது என்று முடிவு செய்துவிட்டோம். கீழே ரோட்டில் வண்டிகள் போகிற வேகம் அப்படி.

இப்போது இரண்டு வாய்ப்பு வந்திருக்கிறது. ஏற்காட்டில் உறவினர் வீட்டுப் பெர்சியன் பூனை குட்டி போட்டிருக்கிறது, ஒன்று தருகிறேன் என்கிறார். இன்னொன்று, எங்கள் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு நாட்டுப் பூனை மூன்று குட்டிகளோடு இருக்கிறது. குட்டிகள் இப்போதுதான் தத்தித் தத்தி நடக்கின்றன. "பெர்சியன் சாது, போட்ட இடத்தில் கிடக்கும். நாட்டுப் பூனை பிளாட்டுக்குள் அடங்காது" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். உண்மையா?

ஏசி ஓர் அறையில் மட்டும், அதுவும் ராத்திரியில்தான் போடுவோம். மாமியாருக்குத் தூசி பட்டால் அடுக்குத் தும்மல் வரும். அவர் சுத்த சைவம் என்பதால் சமையலறையில் மீன், கறி எதுவும் ஏறாது. இதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

ஐந்து ரோடு பூனைவீடு:
முதலில் வெயிலைப் பாருங்கள், அப்புறம் இனத்தைப் பார்க்கலாம். ஏப்ரல், மே மாதத்தில் நம் ஊர் 40 டிகிரியைத் தொடுகிறது. மேற்குப் பார்த்த வீடென்றால் சாயங்காலம் ஆறு மணிக்கும் சுவர் சுடும். பூனைக்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்க்கும். உடம்பை நக்கி எச்சிலை ஆறவிட்டும், ரொம்பவும் முடியாவிட்டால் வாயைத் திறந்து இரைத்தும்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். பெர்சியனுக்கு மூக்கு சப்பை, மூச்சுப் பாதையும் குறுகல், அதனால் இரைத்தாலும் சூடு சரியாக இறங்காது. மேலே கனத்த ரோமம் வேறு. பகலில் ஏசி இல்லாத வீட்டில் அந்தக் குட்டி படப்போகும் பாட்டை நினைத்தாலே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சாது என்பது உண்மைதான், பொதுவாக அமைதியான பூனைகள்தான். ஆனால் தினமும் சீப்பு போட வேண்டும். விட்டால் அக்குளிலும் வயிற்றிலும் முடி சிக்குப் பிடித்து, தோலையே இழுத்து வலிக்கும். கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும், அதையும் துடைத்துவிட வேண்டும். இருட்டிய பிறகு வீட்டுக்கு வருகிற உங்களால் இது தினமும் முடியுமா என்று யோசியுங்கள்.

ஏற்காடு காப்பித் தோட்டம்:
நான் பெர்சியன் வளர்ப்பவன், அதனால் அதன் பக்கமும் கொஞ்சம் பேசுகிறேன். இங்கே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை. மடியை விட்டு இறங்காது, குழந்தைகளிடம் பொறுமையாக இருக்கும். உங்கள் உறவினர் வீட்டில் நீங்கள் பார்த்தது அந்தச் சுகமான பூனையைத்தான். அதையே 20 கொண்டை ஊசி வளைவு இறக்கிச் சேலத்தில் வைத்தால் கதை வேறு.

அப்படியும் வாங்குவதாக இருந்தால் தாய், தகப்பன் இரண்டுக்கும் சிறுநீரகத்தை ஸ்கேன் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் இந்த இனத்தில் அதிகம். பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் வர சரிபாதி வாய்ப்பு. வெளியே தெரிய வருஷக்கணக்கில் ஆகும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தானே, அங்கே விசாரிக்கலாம். உறவுக்காரரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

மேற்கு ஜன்னல்:
இரண்டு பேருக்கும் நன்றி. பெர்சியன் வேண்டாம் என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. ஆனால் நாட்டுக் குட்டியை அடைத்து வைப்பது பாவமில்லையா? சயாமீஸ், பெங்கால் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

ஐந்து ரோடு பூனைவீடு:
பெங்கால் ஓயாமல் ஓடும், ஏறும், குதிக்கும். பகலில் அதோடு ஓடி விளையாட ஆளில்லாத வீட்டுக்கு அது வேண்டாம். சயாமீஸுக்குப் பேச்சுத் துணை வேண்டும், இல்லாவிட்டால் கத்தித் தீர்க்கும். காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்டை யாராவது காட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். காதை மடக்கும் அதே மரபணுக் கோளாறுதான் மூட்டுக் குருத்தெலும்பையும் கெடுக்கிறது, அது வலியோடு வாழும்.

பாவமா என்ற கேள்விக்கு வருகிறேன். தெருவைப் பழகிய வளர்ந்த பூனையைப் பிடித்து வந்து அடைத்தால் அது தவிக்கும். சின்னதிலிருந்தே வீட்டுக்குள் இருப்பதற்கு வீடுதான் எல்லை, அதற்குள் செய்வதற்கு வேலை இருந்தால் போதும். நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்குகிற பிராணி அது. விழித்திருக்கும் நேரத்தில் ஏறிப் பார்க்க உயரம் வேண்டும், அதனால் ஜன்னலோரம் ஒரு பலகை அடித்துக் கொடுங்கள். கயிற்றில் இறகு கட்டி, காலையிலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். அந்தி, விடியல் இரண்டும்தான் அதற்கு வேட்டை நேரம், உங்கள் வேலை நேரத்துக்கும் அது பொருந்தி வருகிறது.

முடிந்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டாக, கூடப் பிறந்ததையே எடுங்கள். பகல் முழுக்க ஒன்றோடொன்று புரண்டு விளையாடும், கடிக்கிற அளவையும் அதிலேயே கற்றுக்கொள்ளும். தனிக் குட்டி அதை உங்கள் மகளின் கையில்தான் கற்கும்.

மருந்தகப் பெண்:
கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருக்கிறேன். தத்தி நடக்கிறது என்றால் மூன்று, நாலு வாரக் குட்டிகளாக இருக்கும். இப்போதே தூக்கி வந்துவிடாதீர்கள். எட்டு வாரமாவது தாயிடம் இருக்கட்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பூனைக்குட்டி மனிதர்களை நம்பப் பழகுகிற காலம் ஏறக்குறைய இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரைதான். எட்டு வாரம் தொடாமலே விட்டுப் பிறகு எடுத்தால் சீறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். அதனால் நீங்களும் மகளும் தினமும் கீழே போங்கள். முதலில் தாய்க்குச் சாப்பாடு வைத்து அதன் நம்பிக்கையைப் பெறுங்கள். அது ஏற்றுக்கொண்ட பிறகு குட்டிகளைக் கையில் எடுத்து, கொஞ்சம் வைத்திருந்து, திரும்ப விடுங்கள். மகளுடைய குரல், பெருக்குமாறு சத்தம், வண்டிச் சத்தம் எல்லாம் இந்த வாரங்களில் காதில் விழட்டும்.

எந்தக் குட்டி என்று தேர்ந்தெடுப்பதும் அப்போதே நடந்துவிடும். நிறத்தைப் பார்க்காதீர்கள். நீங்கள் உட்கார்ந்ததும் எது அருகில் வருகிறது, தூக்கினால் எது சீக்கிரம் தளர்ந்து கொடுக்கிறது, சாவி கீழே விழுந்தால் பயந்து ஓடினாலும் எது திரும்பி வந்து மோந்து பார்க்கிறது, அதுதான் பிளாட்டுக்கு ஏற்ற குட்டி. கண்ணில் பீளை, தும்மல், உப்பிய வயிறு இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். குடல் புழுவாக இருந்தால் மருந்தில் சரியாகிவிடும்.

எட்டாவது வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று நாலு வாரம் கழித்து அடுத்தது. ரேபீஸ் ஊசி மூன்று மாதத்தில். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு எதற்கு ஊசி என்று கேட்பார்கள். பூனைகளைக் கொல்லும் பான்லூக்கோபீனியா வைரஸ் நம் செருப்பிலேயே வீட்டுக்குள் வந்துவிடும். ஐந்து மாதம் முடிவதற்குள் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் கடுவன் சுவரெல்லாம் சிறுநீர் பீய்ச்சும், பெட்டை இரவு பகலாகக் கத்தும். அந்தக் கட்டத்தில்தான் பல பிளாட் பூனைகள் தெருவுக்குப் போகின்றன.

நெத்திமேடு அத்தை:
தும்மல் விஷயத்தைச் சாதாரணமாக விட்டுவிடாதே கண்ணு. எல்லோரும் முடியைத்தான் குறை சொல்கிறார்கள். ஒவ்வாமை தருவது பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஒரு புரதம். நக்கும்போது ரோமத்தில் ஒட்டி, காய்ந்து, காற்றில் பறக்கும். முடி குறைந்த பூனை வாங்கினாலும் அது இருக்கும். பூனையே போனாலும் சோபாவிலும் மெத்தையிலும் மாதக்கணக்கில் தங்கும். அதனால் பூனை இருக்கும் வீடு ஒன்றுக்கு மாமியாரைச் சில தடவை கூட்டிப்போய் உட்கார வைத்துப் பார். மூச்சு இழுத்தால் பூனை யோசனையையே விட்டுவிடு, அவர் உடம்புதான் முக்கியம். லேசான தும்மல்தான் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அவர் படுக்கும் அறையைப் பூனைக்கு எப்போதும் மூடியே வை.

சாப்பாடு பற்றி: தயிர்சாதத்தில் பூனை வளராது. டாரின் என்ற சத்து கறி, மீனிலிருந்துதான் அதற்குக் கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். சமைக்க வேண்டியதில்லை. பாக்கெட் தீவனத்தில் குட்டிகளுக்கென்று இருப்பதை வாங்கி, பால்கனிப் பக்கம் தனித் தட்டில் வைத்தால் சமையலறைக்குள் ஒன்றும் ஏறாது. இதை மாமியாரிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடு. பகலில் அந்த ஜீவனோடு இருக்கப் போகிறவர் அவர்தான்.

ஐந்து ரோடு பூனைவீடு:
பால்கனி கிரில் இடைவெளி எவ்வளவு? பூனைக்குத் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். நாலு காலில் இறங்கும் என்று நம்பாதீர்கள். மூன்றாவது மாடியிலிருந்து புறாவைத் துரத்திக் கீழே விழுந்தால் தாடை உடையும், நெஞ்சில் அடிபடும், உயிரும் போகும். புறாவுக்குக் கட்டும் நைலான் வலையைக் கடித்து ஓட்டை போட்டுவிடும், கொசுவலை நகத்துக்கே கிழியும். ஹார்டுவேர் கடையில் ஓர் அங்குல வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) கேட்டு, சட்டம் போட்டு அடியுங்கள். குட்டி வருவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

மேற்கு ஜன்னல்:
கிரிலில் என் கையே தாராளமாக நுழைகிறது. மெஷ் அடிக்க ஆள் வரச்சொல்லிவிட்டோம். மாமியாரைப் பூனை இருக்கும் தோழி வீட்டுக்கு இரண்டு மூன்று முறை அழைத்துப் போனோம். தும்மல் வரவில்லை, டாக்டரும் சரி என்றார். தீவனத்துக்கும் சம்மதித்துவிட்டார். மலம் கழிக்கும் தட்டு பூஜை அலமாரிப் பக்கம் வரக்கூடாது, அவ்வளவுதான் அவர் நிபந்தனை. கீழே இருக்கும் மூன்றில் சாம்பல் கோடு போட்டதும் மூன்று நிறம் கலந்ததும் மகளிடம் தானாக வருகின்றன. அந்த இரண்டையும் எடுக்கிறோம். தட்டு எத்தனை வேண்டும்? தாய்ப் பூனையை என்ன செய்வது? அதை நினைத்தால்தான் உறுத்துகிறது.

மருந்தகப் பெண்:
ரொம்ப சந்தோஷம் அக்கா. மூன்று நிறத்தது அநேகமாகப் பெட்டையாகத்தான் இருக்கும், கடுவன் அபூர்வம். இரண்டு பூனைக்கு மூன்று தட்டு நல்லது. சாப்பாட்டுக்குத் தள்ளி, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். கழிவைத் தினமும் அள்ளுங்கள். சில பூனைகளின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா கிருமி இருக்கும், அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதற்குள் அள்ளிவிட்டால் பயமில்லை. வீட்டுக்குக் கர்ப்பிணிகள் வந்தால் அந்த வேலையை அவர்களிடம் விடாதீர்கள். பாரசிட்டமால் மாத்திரையும் நாய்க்குப் போடும் உண்ணி மருந்தும் பூனை உயிரையே எடுக்கும், எட்டாத இடத்தில் வையுங்கள். பூங்கொத்தில் லில்லி இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம், மகரந்தம் பட்டு நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

தாயை அங்கேயே விடலாம், அதற்கு அந்த இடம் பழக்கம். ஆனால் குட்டிகளை எடுத்து இரண்டு வாரத்தில், பால் வற்றியதும் பிடித்துக் கருத்தடை செய்துவிடுங்கள். தள்ளிப்போனால் அடுத்த ஈற்றுக்குச் சினை பிடித்துவிடும், ஒன்பது வாரத்தில் மறுபடி குட்டிகள். மயக்கத்தில் இருக்கும்போதே ரேபீஸ் ஊசியும் போட்டு, காது நுனியில் அடையாளம் வெட்டச் சொல்லுங்கள், வேறு யாரும் மறுபடி பிடிக்க மாட்டார்கள். மூன்றாவது குட்டிக்கு உங்கள் அடுக்குமாடியிலேயே கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் இங்கே படத்தைப் போடுங்கள். வீடு பார்த்துத் தருகிறேன்.