மனப்பாட வசனம் பிள்ளைகளுக்கு வேண்டுமா?

ஓய்வுநாள்பள்ளி டீச்சர்:
எங்கள் சபையில், பிள்ளைகள் வேத வசனத்தை மனப்பாடமாக ஒப்புவிக்கிற வழக்கத்தை நிறுத்திவிடலாம் என்று போன வாரம் பேச்சு வந்தது. போனிலேயே வேதாகமம் இருக்கிறதாம், பிள்ளைகளை எதற்கு வருத்துவது என்கிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் வசனம் கேட்டு வருகிறவள் நான். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேதாகமத்தில் உபாகமம் 6-ல் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் இந்த வார்த்தைகளைப் பேசு என்று இருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வீடு சுருளா இருந்தது? நெஞ்சில் இருந்தால்தானே வழியில் பேச முடியும்? நிறுத்தலாம் என்கிறவர்கள் காரணத்தைச் சொல்லுங்கள், கேட்கிறேன்.

நாசரேத்காரன்:
டீச்சர், நான் நிறுத்தலாம் என்கிற கட்சி. ஒன்பது வயதில் வசனப் போட்டியில், வேதாகமத்தின் 91-ஆம் சங்கீதம் ஒப்புவிக்க மேடை ஏறினேன். மொத்தம் 16 வசனம். ஆறாவதில் கொள்ளைநோய் முன்னால் வருமா, சங்காரம் முன்னால் வருமா என்று குழம்பி நின்றுவிட்டேன். மணி அடித்தார்கள். "அடுத்த ஆள் வா" என்றார்கள். கீழே பிள்ளைகள் சிரித்தார்கள். பயப்படாதே என்று சொல்கிற சங்கீதத்தை நான் நடுங்கிக்கொண்டு படித்தேன் என்பதுதான் இன்றைக்கும் என் நினைவில் இருக்கிறது. ரொம்ப வருஷம் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

நீங்கள் சொன்ன உபாகமத்திலும் "பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து" என்றுதான் இருக்கிறது, ஒப்புவிக்க வை என்று இல்லை. என் மகள் இரண்டாம் வகுப்பு. 23-ஆம் சங்கீதத்தை, "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று மூச்சு விடாமல் சொல்கிறாள். தாழ்ச்சியடையேன் என்றால் என்ன பாப்பா என்று கேட்டேன். "கீழே இறங்க மாட்டேன்" என்றாள். இதற்கு என்ன பயன்?

இரவுப்பணி செவிலி:
அண்ணா, உங்களுக்கு நடந்தது தப்புதான். ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். ஐசியூவில் வேலை. போனை உள்ளே கொண்டுபோக மாட்டோம். ஒரு ராத்திரி ஒரு பாட்டி, தூக்கம் வராமல், "சங்கீதம் ஏதாவது சொல்லும்மா" என்றார்கள். எனக்கு 121 தெரியும், எட்டே வசனம். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்று ஆரம்பித்தேன். நான்காவது வசனத்துக்கு அப்புறம் எனக்கு மறந்துபோயிற்று. நான் முழிப்பதைப் பார்த்து, மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, "கர்த்தர் உன்னைக் காக்கிறவர்" என்று அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். மாஸ்க்கைத் திரும்ப மாட்டிவிட்டு மீதியை நான் சொல்லி முடித்தேன். அந்தப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காதால் கேட்டு மனதில் வைத்ததுதான் எல்லாம். போனில் இருப்பது அந்த நேரத்தில் அவர்களுக்கு எப்படி உதவும்?

கோவைத் தம்பி:
அக்கா சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் மனப்பாடம் செய்வது பெரும்பாலும் முழு அதிகாரத்தை அல்ல, ஒற்றை வசனத்தை. எனக்கு அதில்தான் சண்டை. ஜனவரி 1 ஆராதனை முடிந்ததும், அந்த வருஷத்துக்கான வாக்காக ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். எனக்கு ஒரு வருஷம் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து 29:11 வந்தது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" என்று தொடங்கும். பரீட்சை, வேலை எல்லாம் நினைத்தபடி அமையும் என்று பிடித்துக்கொண்டேன். அமையவில்லை. அப்புறம்தான் முந்தின வசனத்தைப் படித்தேன். பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் என்று இருக்கிறது! அங்கே சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எழுதின கடிதம் அது. கேட்டவர்களில் பலர் அங்கேயே செத்திருப்பார்கள். எரேமியா எழுதும்போது 29:11 என்று எண் போட்டா எழுதினார்? அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் இன்றைய வசன எண்கள் வந்ததே 1551-ல்தான். அந்த எண்ணை வைத்து நறுக்கித் தின்கிறோம். அந்த ஏமாற்றத்தில் நான் ஜெபிப்பதையே கொஞ்ச நாள் விட்டிருந்தேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஓய்வுநாள்பள்ளி டீச்சர்:
தம்பி, அந்த நறுக்குதலை முதலில் செய்தவன் இயேசுவைச் சோதித்த சாத்தான், அந்தச் சோதனைக்காரன்தான். மத்தேயு 4-ல் அவன் 91-ஆம் சங்கீதத்தைத்தான் சொல்கிறான். "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்ற துண்டு அவன் வாயில் வரவில்லை. ஆண்டவர் இயேசு திருப்பிச் சொன்ன மூன்றும் உபாகமம் 8:3, 6:16, 6:13. ஒரே பகுதி, கிட்டக்கிட்ட இருக்கிற அதிகாரங்கள். வனாந்தரத்தில், நாற்பது நாள் பசியில், கையில் சுருள் இல்லாமல். முழுதாகத் தெரிந்தவருக்குத்தான் துண்டு எது என்று தெரியும். நீங்கள் சொல்வது மனப்பாடத்துக்கு எதிரான வாதம் இல்லை, இன்னும் அதிகமாய்ப் படி என்கிற வாதம்.

நாசரேத்காரன்:
சரி டீச்சர், ஆனால் சோதனைக்காரனுக்கும் மனப்பாடம்தானே? வசனம் தெரிந்ததால் அவன் மாறிவிடவில்லையே. பாப்பா விஷயத்துக்கும் நீங்கள் பதில் சொல்லவில்லை. பொது மொழிபெயர்ப்பில் "எனக்கேதும் குறையில்லை" என்று எளிதாக இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பின் 1871-ஆம் வருஷத் தமிழை அவள் வாயில் ஏன் திணிக்க வேண்டும்?

ஓய்வுநாள்பள்ளி டீச்சர்:
மாறவில்லைதான். கீழ்ப்படிகிற மனசு வேறு, அதை மனப்பாடம் கொடுக்காது. ஒத்துக்கொள்கிறேன்.

பாப்பாவுக்கு 34-ஆம் சங்கீதம் பத்தாம் வசனத்தைச் சொல்லிக் கொடுங்கள். "சிங்கக்குட்டிகள் தாழ்ச்சியடைந்து பட்டினியாயிருக்கும்." அதே பழைய மொழிபெயர்ப்பு, அதே வார்த்தை. தாழ்ச்சி என்றால் சாப்பாடு இல்லாமல் போவது என்று சிங்கக்குட்டியே சொல்லிக் கொடுத்துவிடும். என் வகுப்பில் ஒரு பையன் இதை அவனாகவே கண்டுபிடித்தான். "டீச்சர், அந்தத் தாழ்ச்சியும் இந்தத் தாழ்ச்சியும் ஒன்றா?" என்று கேட்டான். இரண்டும் அவன் மனதில் இருந்ததால்தானே ஒன்றையொன்று தொட்டது? ஆத்திசூடியையும் நாம் அர்த்தம் தெரிந்துகொண்டா படித்தோம்? எளிய தமிழில் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஏதோ ஒன்று உள்ளே போகட்டும்.

ஆனால் மணி அடிக்கிற போட்டி எங்கள் சபையிலும் இருக்கிறது. பரிசு வாங்கின பிள்ளைகளை எனக்கு நினைவிருக்கிறது, பாதியில் நின்ற பிள்ளைகளை நினைவில்லை. உங்கள் பதிவைப் படித்ததிலிருந்து அது உறுத்துகிறது. அடுத்த கூட்டத்தில் போட்டியை நிறுத்துங்கள், வசனத்தை நிறுத்தாதீர்கள் என்று கேட்கப்போகிறேன்.

கோவைத் தம்பி:
அட்டையிலும் வசனத்தின் முன்பின் நாலு வரியைச் சேர்த்து அச்சடிக்கச் சொல்லுங்கள் டீச்சர்.

நாசரேத்காரன்:
மேடை இல்லாவிட்டால் எனக்குப் பாதிச் சண்டை தீர்ந்தது. மீதி இருக்கிறது, பிறகு பேசுவோம். நேற்று ராத்திரி பாப்பாவிடம் சிங்கக்குட்டி வசனத்தைச் சொன்னேன். "அப்போ சிங்கத்துக்குப் பசிக்கும், எனக்குப் பசிக்காதா?" என்று கேட்டாள். பசிக்கும், ஆனால் மேய்ப்பர் பார்த்துக்கொள்வார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 23-ஐ முதலில் இருந்து சொன்னாள், இந்தத் தடவை மெதுவாக.